தானியங்கி டெஸ்டுகளில் ஹெல்பர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் படித்துவிட்டு மென்பொருள் வேலைக்கு வருகிறவர்கள், டெஸ்ட் (மென்பொருள் சரியாக வேலை செய்கிறதா என்று தானாகச் சரிபார்க்கும் கோட்) எழுத ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் ஒரே உதாரணம்தான்: புதுச்சேரி நேரு வீதியில் இருக்கும் ஒரு கற்பனைக் கடைக்கான பில் போடும் மென்பொருள். மொழி பைத்தான், டெஸ்ட் ஓட்டுவது பைடெஸ்ட். பைத்தான் 3-இல் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம் என்பதால் ஃபங்ஷன் பெயர்களைத் தமிழில் கொடுத்திருக்கிறேன். உங்கள் டீமில் ஆங்கிலம் என்றால் ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம்.

ஹெல்பர் என்று எதைச் சொல்கிறோம்?

அது விற்பனைக்குப் போகும் மென்பொருளிலும் சேராது, டெஸ்டும் ஆகாது. பல டெஸ்டுகள் பொதுவாகக் கூப்பிடும் கோட், அவ்வளவுதான். வாடிக்கையாளரை உருவாக்குவது, லாகின் செய்வது, பக்கம் வரும்வரை காத்திருப்பது, வந்த பில்லைச் சரிபார்ப்பது, கடைசியில் டேட்டாபேஸைத் துடைப்பது எல்லாம் இதில் வரும்.

அதே நாலு வரி இரண்டு டெஸ்டில் வந்துவிட்டது. உடனே ஹெல்பராக மாற்றிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். மூன்றாவது தடவை வரும்போது யோசிக்கலாம் என்று ஒரு பழைய வழக்கு உண்டு, அது மோசமில்லை. ஆனால் எண்ணிக்கையைவிட முக்கியமான கேள்வி இது: நாளைக்கு இதில் ஒன்றை மாற்ற வேண்டி வந்தால், மற்றதையும் அதே காரணத்துக்காக மாற்றுவீர்களா? ஆம் என்றால் ஹெல்பர். இரண்டும் இப்போதைக்குத் தற்செயலாக ஒரே மாதிரி இருக்கின்றன என்றால் விட்டுவிடுங்கள். விற்பனை பில்லும் திரும்பப் பெறும் பில்லும் ஆரம்பத்தில் இரட்டைப்பிள்ளை மாதிரி இருக்கும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. அதற்குள் ஒரே ஹெல்பரில் கட்டிப்போட்டிருந்தால், அந்த ஹெல்பருக்குள் ‘இது திரும்பப் பெறும் பில்லாக இருந்தால்’ என்று கிளைகள் முளைக்க ஆரம்பித்துவிடும்.

ஒரு முழு உதாரணம் காட்ட முடியுமா?

ஜிஎஸ்டியில் விற்பவரும் வாங்குபவரும் ஒரே மாநிலம் அல்லது யூனியன் பிரதேசத்துக்குள் இருந்தால் சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநிலத்தின் பங்கு) என்று வரி இரண்டு பாதியாகப் பிரியும். சரக்கு எல்லை தாண்டிப் போனால் முழுவதும் ஐஜிஎஸ்டி. புதுச்சேரியின் மாநிலக் குறியீடு 34, தமிழ்நாட்டுக்கு 33. ஜிஎஸ்டி எண்ணின் 15 எழுத்துகளில் முதல் இரண்டு இதுதான்.

நம் ஊரில் இது சுவாரசியமாகிவிடும். நேரு வீதியிலிருந்து இருபத்துச் சொச்சம் கிலோமீட்டரில் கடலூர் மஞ்சக்குப்பத்துக்குச் சரக்கு அனுப்பினால் ஐஜிஎஸ்டி. கேரளத்துக்கு நடுவே, அரபிக்கடல் ஓரம் இருக்கும் மாஹேவுக்கு அனுப்பினால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. காரைக்காலுக்கும், ஆந்திரத்துக்குள் இருக்கும் யானத்துக்கும் அப்படியே. நாலும் ஒரே யூனியன் பிரதேசம்.

இதை ஹெல்பர் இல்லாமல் டெஸ்ட் செய்தால், ஒவ்வொரு டெஸ்டிலும் கடையின் பெயர், வாடிக்கையாளர் பெயர், முகவரி, தொலைபேசி, ஜிஎஸ்டி எண், பொருள், எச்எஸ்என் குறியீடு (பொருள் எந்த வகை என்று காட்டும் எண்), அளவு, விலை என்று இருபது வரி ஓடும். அந்த இருபதில் இந்த டெஸ்டுக்கு வேண்டியது மூன்றே விஷயம்: யார் எந்த மாநிலம், எவ்வளவு தொகை, எத்தனை சதவீதம். ஹெல்பர் வைத்து எழுதினால் இப்படி:

பில் = பில்_போடு(விற்பவர்="34", வாங்குபவர்="33", தொகை="200.00", வீதம்=5)
வரி_சரிபார்(பில், ஐஜிஎஸ்டி="10.00")

மாஹேவுக்கு:

பில் = பில்_போடு(விற்பவர்="34", வாங்குபவர்="34", ஊர்="மாஹே", தொகை="200.00", வீதம்=5)
வரி_சரிபார்(பில், சிஜிஎஸ்டி="5.00", எஸ்ஜிஎஸ்டி="5.00")

பெயர், முகவரி, தொலைபேசி எல்லாவற்றுக்கும் ஹெல்பருக்குள் ஒரு இயல்பு மதிப்பு (நாம் எதுவும் சொல்லாவிட்டால் அதுவே எடுத்துக்கொள்வது) இருக்கும். டெஸ்டுக்கு எது முக்கியமோ அதை மட்டும் வெளியே எழுதுகிறோம். இரண்டாவது ஹெல்பரில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு: சொல்லாத வரிகள் எல்லாம் பூஜ்யம்தானா என்றும் அது பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஐஜிஎஸ்டியும் போட்டு எஸ்ஜிஎஸ்டியும் போடும் பில் சத்தமில்லாமல் பாஸ் ஆகிவிடும்.

இன்னும் சுருக்கி, ‘வெளிமாநில_பில்_சரியா()’ என்று ஒரே வரியில் முடித்துவிடக் கூடாதா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

அந்த ஒரு வரியைப் பார்த்தால் எந்த மாநிலம், எவ்வளவு தொகை, எவ்வளவு வரி எதிர்பார்க்கிறோம் என்று ஒன்றுமே தெரியாது. டெஸ்ட் சிவப்பானதும், அதாவது தோற்றதும், ஹெல்பரைத் திறக்க வேண்டும், அது கூப்பிடும் இன்னொரு ஹெல்பரைத் திறக்க வேண்டும். டெஸ்டைப் படிக்கிறவர் பெரும்பாலும் அதை எழுதியவர் இல்லை. ராத்திரி ஏழு மணிக்கு ரிலீஸ் நின்றுபோய், ஏன் சிவப்பு என்று தேடிக்கொண்டிருக்கும் வேறொருவர். அவர் டெஸ்டை மட்டும் படித்து ‘34-லிருந்து 33-க்கு, 200 ரூபாய்க்கு 10 ரூபாய் ஐஜிஎஸ்டி வர வேண்டும்’ என்று சொல்ல முடிய வேண்டும். எப்படி உருவாக்கினோம் என்பதை ஹெல்பர் மறைக்கட்டும். எதைக் கொடுத்தோம், எதை எதிர்பார்க்கிறோம் என்ற இரண்டும் டெஸ்டிலேயே இருக்கட்டும்.

இதே காரணத்தால், ஹெல்பரின் இயல்பு மதிப்பை நம்பி எதையும் சரிபார்க்காதீர்கள். ‘பில்_போடு’ சும்மா கூப்பிட்டால் தொகை 200 என்று உள்ளே இருக்கிறது, டெஸ்டில் வரி 10 என்று ஒப்பிடுகிறீர்கள் என்று வையுங்கள். யாரோ ஒருவர் இயல்பு மதிப்பை 500 ஆக்கினால் சம்பந்தமில்லாத நாற்பது டெஸ்ட் விழும்.

எதிர்பார்க்கும் வரியை ஹெல்பரே கணக்குப் போட்டு ஒப்பிட்டால் வசதியாக இருக்குமே?

வசதிதான், ஆனால் அது டெஸ்டே ஆகாது. மென்பொருளில் இருக்கும் அதே சூத்திரத்தை ஹெல்பரிலும் எழுதினால் இரண்டிலும் ஒரே தப்பு வரும், இரண்டும் ஒத்துப்போகும், பச்சை விளக்கும் எரியும்.

101 ரூபாய்க்கு 5 சதவீதம் எடுத்துப் பாருங்கள். ஐஜிஎஸ்டி என்றால் 5.05. பாதியாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 2.525. அரைப் பைசாவை மேலே தள்ளினால் 2.53, மொத்தம் 5.06. பைத்தானின் டெசிமல் வகையில் குவாண்டைஸ் செய்யும்போது (இத்தனை தசம இடம் என்று சுருக்கும்போது) நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், அரை வந்தால் இரட்டைப்படை இலக்கம் பக்கம் சாய்க்கும், அப்போது 2.52, மொத்தம் 5.04. ஒரே பொருளுக்கு மூன்று விடை. எது சரி என்பது கணக்காளரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயம். முடிவான எண்ணை டெஸ்டில் கையால் எழுதுங்கள். தொகையைச் சரமாக, மேற்கோள் குறிக்குள் கொடுத்திருப்பதும் இதனால்தான்: ஃப்ளோட்டாகக் கொடுத்தால் 2.525 என்பதே உள்ளே துல்லியமாக நிற்காது.

பின்கோடை வைத்து மாநிலத்தைக் கண்டுபிடிக்கும் ஹெல்பர் எழுதினால் டெஸ்ட் டேட்டா சுலபமாகுமா?

605 என்றால் புதுச்சேரி, 607 என்றால் கடலூர் என்று எல்லோருக்கும் தோன்றும். ஆனால் ஆரோவில்லின் பின்கோடு 605101. ஆரோவில் தமிழ்நாட்டில், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. கடலூர் சாலையில் இருக்கும் பிள்ளையார்குப்பத்துக்கு 607-இல் தொடங்கும் பின்கோடு. ஆனால் அது புதுச்சேரி. தபால்துறை வசதிக்குப் பிரித்ததும் பிரெஞ்சுக்காரர்கள் காலத்து எல்லையும் ஒன்றோடொன்று பொருந்தாது.

ஹெல்பர் புத்திசாலியாக இருக்க முயன்றால் இதுதான் நடக்கும். மாநிலக் குறியீட்டை டெஸ்டிலிருந்து நேராகக் கொடுங்கள். இந்த இரண்டு ஊரையும் ஹெல்பரில் ஒளிக்காமல் தனித்தனி டெஸ்டாகவே எழுதுங்கள்; மென்பொருள் எழுதியவரும் அதே பின்கோடு யோசனையில் விழுந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

பைடெஸ்டில் ஃபிக்ஸரா, சாதாரண ஃபங்ஷனா?

டெஸ்டுக்கு வேண்டியதை முன்கூட்டியே தயார் செய்து தரும் பைடெஸ்ட் ஃபங்ஷன்தான் ஃபிக்ஸர். வேலை முடிந்ததும் துடைக்க வேண்டியது இருந்தால் ஃபிக்ஸர். டேட்டாபேஸ் இணைப்பு, தற்காலிக ஃபோல்டர், பிரவுசர் இவையெல்லாம் அப்படி. ஃபிக்ஸரில் யீல்டுக்கு (பொருளை டெஸ்டிடம் கொடுக்கும் வரிக்கு) பிறகு எழுதும் வரிகள், டெஸ்ட் தோற்றாலும் ஓடும். யீல்டுக்கு முன்பே ஃபிக்ஸர் விழுந்தால் மட்டும் ஓடாது. ஒரே ஃபிக்ஸரில் மூன்று பொருளை உருவாக்கும்போது மூன்றாவதில் விழுந்தால், முதல் இரண்டும் துடைக்கப்படாமல் அநாதையாகிவிடும். எனவே ஒரு ஃபிக்ஸருக்கு ஒரு பொருள்.

மற்றதெல்லாம் சாதாரண ஃபங்ஷன் போதும். ‘பில்_போடு’ ஃபங்ஷனாக இருப்பதால்தான் ஒவ்வொரு டெஸ்டும் தனக்கு வேண்டியதை அடைப்புக்குள் கொடுக்க முடிகிறது.

ஃபிக்ஸரின் ஸ்கோப்பை செஷன் என்று (மொத்த ஓட்டத்துக்கும் ஒரே பொருள் என்று) மாற்றினால் டெஸ்ட் வேகமாகும். அதில் ஆபத்து என்னவென்றால், ஒரு டெஸ்ட் அந்தப் பொருளை மாற்றிவிட்டால் அடுத்த டெஸ்ட் அதே மாற்றத்தோடு தொடங்கும். தனியாக ஓட்டினால் பாஸ், மொத்தமாக ஓட்டினால் ஃபெயில் என்று யாராவது தலையைப் பிய்த்துக்கொண்டால் முதலில் இங்கே பாருங்கள். படிக்க மட்டும் பயன்படும் பொருளுக்கு செஷன் ஸ்கோப் சரி.

பத்து ஊருக்கு ஒரே டெஸ்ட். ஃபார் லூப் போடலாமா?

லூப் முதல் தோல்வியிலேயே நின்றுவிடும். மூன்றாவது ஊரில் விழுந்தால் மீதி ஏழு ஊரின் கதி தெரியாது. பைடெஸ்டின் பாராமெட்ரைஸ் பத்தையும் பத்து டெஸ்டாக ஓட்டி, எது விழுந்தது என்று தனித்தனியாகச் சொல்லும். ஜாவாக்காரர்களுக்கு ஜேயூனிட் 5-இல் இதே வசதி இருக்கிறது. பத்து ஊரின் அட்டவணையில் ஒவ்வொரு வரிசைக்கும் ‘மாஹே, உள்மாநிலம்’ என்று ஒரு பெயர் வைத்துவிடுங்கள். ரிப்போர்ட்டில் பெயரைப் பார்த்ததும் விஷயம் புரியும்.

ஆனால் அந்த அட்டவணையில் ‘இந்த வரிசைக்கு மட்டும் இதைச் சரிபார்க்காதே’ என்று ஒரு நெடுவரிசை நுழைந்தால், அந்த வரிசை தனி டெஸ்டாகப் போக வேண்டியது என்று அர்த்தம்.

டெஸ்ட் விழுந்தால் எப்போதும் ஹெல்பருக்குள் இருக்கும் வரியையே காட்டுகிறது. எந்த டெஸ்ட், எந்த வரி என்று எப்படித் தெரியும்?

சரிபார்க்கும் ஹெல்பர் எழுதும் எல்லோருக்கும் வரும் தலைவலி இது. பைடெஸ்டில் அந்த ஹெல்பருக்குள் டிரேஸ்பேக்ஹைட் என்ற மாறியை, முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்டு, ட்ரூ என்று வையுங்கள். ஹெல்பரின் உள்வரிகள் மறைந்து, அதைக் கூப்பிட்ட டெஸ்ட் வரி முன்னால் வரும். கோ மொழியில் இதற்கென்றே டி.ஹெல்பர் என்ற அழைப்பு 2017-இல் வந்த 1.9 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பைடெஸ்ட் அசெர்ட் வரிகளை (‘இது உண்மையாக இருக்க வேண்டும்’ என்று சரிபார்க்கும் வரிகளை) உள்ளுக்குள் மாற்றி எழுதித்தான் ‘இடப்பக்கம் 5.04, வலப்பக்கம் 5.05’ என்று விவரமாகக் காட்டுகிறது. அந்த மாற்றம் டெஸ்ட் கோப்புகளுக்கும், கான்ஃப்டெஸ்ட் என்ற பொது ஃபிக்ஸர் கோப்புக்கும், பிளகின்களுக்கும்தான் தானாக நடக்கும். நீங்கள் தனியாக வைத்திருக்கும் ஹெல்பர் கோப்புக்கு நடக்காது. வெறும் அசெர்ஷன்எரர் என்று மொட்டையாக வரும். ரிஜிஸ்டர்_அசெர்ட்_ரீரைட் என்ற பைடெஸ்ட் ஃபங்ஷனுக்கு அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் சரியாகிவிடும். ஹெல்பரை இம்போர்ட் செய்வதற்கு முன்பே அதைக் கூப்பிட வேண்டும். பின்னால் கூப்பிட்டால் பயனில்லை.

எதுவுமே முடியாவிட்டால், அசெர்ட் செய்தியில் பில் எண், மாநிலங்கள், வந்த வரி ஆகியவற்றை நீங்களே எழுதுங்கள்.

பிரவுசர் டெஸ்டில் எல்லா இடத்திலும் மூன்று விநாடி தூங்கு என்று எழுதியிருக்கிறார்கள். அதை ஒரு ஹெல்பராக்கினால் போதுமா?

தூக்கத்துக்குப் பெயர் வைத்தாலும் அது தூக்கம்தான். வேகமான கம்ப்யூட்டரில் நேரம் வீண். மெதுவானதில் மூன்று விநாடியும் போதாது. நிபந்தனைக்காகக் காத்திருங்கள்: ‘பில் எண் திரையில் வரும்வரை, அதிகபட்சம் பத்து விநாடி’. பிரவுசரைத் தானாக இயக்கும் கருவியான செலினியத்தின் வெப்டிரைவர்வெயிட் பைத்தானில் அரை விநாடிக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்கும், வந்ததும் நகர்ந்துவிடும். இம்ப்ளிசிட் வெயிட்டையும் (எல்லாத் தேடலுக்கும் பொதுவான காத்திருப்பு) எக்ஸ்ப்ளிசிட் வெயிட்டையும் (ஒரு நிபந்தனைக்கு மட்டும் காத்திருப்பது) கலக்க வேண்டாம் என்று செலினியம் ஆவணமே எச்சரிக்கிறது. கலந்தால் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதே வேலைக்கான இன்னொரு கருவியான பிளேரைட்டில் பட்டன் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, அழுத்த முடிகிறதா என்று அதுவே பார்த்துவிட்டுத்தான் கிளிக் செய்யும், ஆகவே அங்கே காத்திருக்கும் ஹெல்பர் பெரும்பாலும் தேவையே இல்லை.

பட்டன் எங்கே இருக்கிறது, எந்தப் பெட்டியில் எழுத வேண்டும் என்பதை ஒரு பக்கத்துக்கு ஒரு கிளாஸ் என்று பிரித்து வைப்பதைப் பேஜ் ஆப்ஜெக்ட் என்பார்கள். வடிவமைப்பு மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். அந்தக் கிளாஸுக்குள் வரி சரியா என்ற சோதனையை வைக்காதீர்கள். அது பக்கத்தில் இருப்பதை எடுத்துத் தரட்டும், தீர்ப்பு டெஸ்டில் இருக்கட்டும்.

ஒவ்வொரு டெஸ்டும் லாகின் செய்தே நேரம் போகிறதே?

லாகின் திரையை டெஸ்ட் செய்ய ஒன்றிரண்டு டெஸ்ட் போதும். மற்றவற்றுக்கு ஒருமுறை லாகின் செய்து, குக்கீயையும் லோக்கல் ஸ்டோரேஜையும் கோப்பில் சேமித்துத் திரும்பப் பயன்படுத்துங்கள். பிளேரைட்டில் ஸ்டோரேஜ் ஸ்டேட் என்று தயாராக இருக்கிறது. அந்தக் கோப்பை கிட்டில் (டீம் கோடைச் சேமிக்கும் இடத்தில்) ஏற்றிவிடாதீர்கள்.

தமிழ்ப் பெயரை ஒப்பிடும் டெஸ்ட் விழுகிறது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகின்றன!

‘கோரிமேடு’ என்று இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ‘கோ’ என்பதை ககரமும் ஓகாரக் குறியும் என்று இரண்டு குறியீடாக வைக்கலாம். அல்லது ககரம், முன்னால் நிற்கும் கொம்பு, பின்னால் நிற்கும் கால் என்று மூன்றாக வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, பைத்தானுக்கு இரண்டும் வேறு. யூனிகோட்டேட்டா என்ற மாட்யூலில் உள்ள நார்மலைஸ் ஃபங்ஷனை என்எஃப்சி (யூனிகோடின் ஒரு சீராக்கும் முறை) முறையில் இரண்டு பக்கத்துக்கும் கொடுத்தால் ஒன்றாகிவிடும். ‘பெயர்_சமம்’ என்று ஒரு ஹெல்பர் எழுதி அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் டேட்டா வைத்திருக்கும் எவருக்கும் இது உதவும்.

ஆனால் எல்லாம் இதில் தீராது. ‘ஸ்ரீ’ என்பதை ‘ஸ’ வைத்தும் தொடங்கலாம், 2005-இல் யூனிகோடு 4.1-இல் சேர்ந்த ‘ஶ’ வைத்தும் தொடங்கலாம். என்எஃப்சி இந்த இரண்டையும் ஒன்றாக்காது. ‘கௌரி’ என்பதற்குக் ‘கெ’ போட்டு அடுத்து ளகரம் அடித்து ‘கெளரி’ என்று எழுதுகிறவர்களும் நிறைய. கடைப் பெயர்களில் பாதி ஸ்ரீ என்று தொடங்கும் ஊரில் இதைச் சும்மா விட முடியாது. இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும்: டெஸ்ட் ஹெல்பரில் இவற்றைச் சமமாக்கினால், வாடிக்கையாளரைத் தேடும்போது கிடைக்காமல் போகும் உண்மையான பிழையை ஹெல்பரே மூடி மறைத்துவிடும். தேடல் சரியாக வேலை செய்ய வேண்டும் என்றால் திருத்த வேண்டிய இடம் மென்பொருள்.

தேதி சம்பந்தப்பட்ட டெஸ்ட் இங்கே பாஸ், சர்வரில் ஃபெயில். ஏன்?

சர்வர் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஏப்ரல் 1 காலை நாலு மணிக்கு இங்கே போட்ட பில், யூடிசியில் மார்ச் 31 இரவு பத்தரை. ஜிஎஸ்டி பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது, 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. நிறைய கடைகள் ஏப்ரலில் எண்ணைப் புதிதாகத் தொடங்குகின்றன. நேரமண்டலம் பிசகினால் பில் போன ஆண்டில் போய் உட்காரும்.

மென்பொருள் தானாக ‘இப்போது’ என்று கேட்காமல், நேரத்தை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும்படி எழுதுங்கள். ‘பில்_போடு’ ஹெல்பருக்கு நேரம் என்று ஒரு பாராமீட்டர் வந்துவிட்டால், ஏப்ரல் 1-க்காக யாரும் காத்திருக்க வேண்டாம்.

ஹெல்பரில் பாராமீட்டர் பதினான்கு ஆகிவிட்டது.

எவை எப்போதும் சேர்ந்து வருகின்றன என்று பாருங்கள். வாங்குபவரின் ஊர், மாநிலம், ஜிஎஸ்டி எண் மூன்றும் சேர்ந்தே வந்தால் ‘வாங்குபவர்’ என்று தனியாக ஒரு சின்ன ஹெல்பர் அவற்றைக் கட்டித் தரட்டும். ஆம்/இல்லை பாராமீட்டர்கள் இருந்தால் அவைதான் முதல் குற்றவாளி; ஒவ்வொன்றையும் தனி ஃபங்ஷனாகப் பிரியுங்கள். எல்லா டெஸ்டுக்கும் தாயாக ஒரு பேஸ் கிளாஸ் வைத்து அதில் எல்லாவற்றையும் திணிக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. நாலு தலைமுறை மேலே எங்கேயோ ஒரு செட்அப் ஓடுவது யாருக்கும் தெரியாது.

ஹெல்பருக்கே டெஸ்ட் எழுத வேண்டுமா?

உள்ளே இஃப், லூப், கணக்கு இருந்தால் எழுதலாம். ஆனால் அதைவிட அந்த இஃபை எடுத்துவிடுவது நல்லது. சரிபார்க்கும் ஹெல்பருக்கு மட்டும் ஒரு டெஸ்ட் கட்டாயம் வேண்டும்: தப்பான பில்லைக் கொடுத்தால் அது தோற்கிறதா?

ஏற்கெனவே ஐந்நூறு டெஸ்ட் இருக்கிறது. எல்லாவற்றையும் ஹெல்பருக்கு மாற்ற ஒரு வாரம் கேட்கலாமா?

கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள், கொடுத்தாலும் வேண்டாம். வேறு காரணத்துக்காக ஒரு டெஸ்ட் கோப்பைத் திறக்கும்போது அந்தக் கோப்பை மட்டும் மாற்றுங்கள். ஹெல்பர் சேர்க்கும் மாற்றமும் மென்பொருளைத் திருத்தும் மாற்றமும் ஒரே கமிட்டில் வர வேண்டாம். சிவப்பானால் எது காரணம் என்று பிரிக்க முடியாது. மாற்றிய பிறகு எல்லாம் பச்சை என்று நிம்மதியாகிவிடாதீர்கள். மென்பொருளில் போய் 33-ஐயும் 34-ஐயும் ஒப்பிடும் வரியை வேண்டுமென்றே தலைகீழாக்கி ஒருமுறை ஓட்டுங்கள். கடலூர் டெஸ்டும் மாஹே டெஸ்டும் விழ வேண்டும். விழாவிட்டால் ஹெல்பருக்குள் எங்கேயோ அசெர்ட் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. பார்த்து முடித்ததும் அந்த வரியைப் பழையபடி ஆக்கிவிட்டு கமிட் செய்யுங்கள்.